ஒட்டுப் போட்ட சட்டையும் ஓர் இரவல் வயலினும்

இசை எல்லோருக்கும் பொது. இதை அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள். உள்ளே போவதற்குத்தான் முன் அனுமதி வேண்டும். பெயர், 'இசைக் கல்வியில் சமவாய்ப்பு மற்றும் அணுகல் மேம்பாட்டு அறக்கட்டளை'. இதை மூச்சு வாங்காமல் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் அங்கே தொலைபேசி எடுக்க வைப்பார்கள். தலைவர்கள் பதினோரு பேர். வயலின் நான்கு. வாசிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அந்த வாத்தியாரும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார்.

நான்கு வயலினில் ஒன்று இரண்டு வருஷமாகத் தையல்காரம்மாவின் வீட்டில் இருந்தது. அவள் மகள் சிட்டுவுக்குப் பத்து வயசு. வெட்டிப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு வாசிப்பாள். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். இப்போதோ சாயங்காலமானால் நாற்காலியை இழுத்து வாசலில் போட்டுக்கொள்கிறார். ஒரு நாள் சத்தம் வராவிட்டால், "பாப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று எட்டிப் பார்க்கிறார்.

இந்த நிலையில்தான் கடிதம் வந்தது.

"தங்கள் மகள் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்திருப்பது வருத்தத்துடன் கவனிக்கப்பட்டுள்ளது. எனவே வயலினை வில், பெட்டி சகிதம் திருப்பி ஒப்படைக்குமாறு அன்புடன் உத்தரவிடப்படுகிறது."

தையல்காரம்மா மூன்று தடவை படித்தாள். ஊசியைக் கூடத் தாவணித் துணியிலிருந்து உருவாமல், போட்டது போட்டபடி கிளம்பிவிட்டாள்.

அங்கே தேவை அதிகாரி என்று ஒருவர் இருந்தார். யாருக்கு எவ்வளவு தேவை என்பதை அளந்து சொல்வது அவர் உத்தியோகம். அவருடைய சின்ன அறைக்கு இரண்டு ஏ.சி. தேவைப்பட்டிருந்தது.

"பொண்ணு நல்லா வாசிக்கிறான்னு நீங்களே எழுதியிருக்கீங்க சார். அப்புறம் ஏன் பிடுங்கறீங்க?"

"நல்லா வாசிக்கிறதாலதாம்மா. எங்க வயலினெல்லாம் இசை எட்டாத குழந்தைங்களுக்கு. உங்க பொண்ணுக்குத்தான் எட்டிடுச்சே!"

"வயலின் இல்லாம எதுல சார் வாசிப்பா?"

"காய்ச்சல் விட்டா மருந்தை நிறுத்தறதில்லையா?"

"அது காய்ச்சல் சார். இது படிப்பு."

"எல்லாத்துக்கும் ஒரே படிவம்தாம்மா." அவர் கோப்பைப் புரட்டினார். "இன்னொண்ணும் இருக்கு. உடைன்னு ஒரு கட்டம். 'கிழிசல் இல்லை'ன்னு எழுதியிருக்கு."

"நான் தையல்காரி சார். என் பொண்ணு கிழிஞ்ச கவுனோட திரிஞ்சா எவன் என்கிட்ட துணி கொடுப்பான்?"

"அது உங்க தொழில் பிரச்சினை. நாங்க பாக்கறது வறுமைப் பிரச்சினை. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது."

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அதிகாரிக்கு மனசு இளகியது. கண்ணீருக்குப் படிவத்தில் இரண்டு மதிப்பெண் உண்டு. அடுத்த மாசம் ஆண்டுக் கூட்டம் என்றார். நன்கொடையாளர்கள் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புகிறார்கள். கூட்டத்தில் வாசிப்பவர்களுக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுவார். குறைந்த மதிப்பெண் எடுக்கும் நான்கு பேருக்கு நான்கு வயலின்.

"இருக்கறதே நாலு பிள்ளைங்கதான். அஞ்சைத் தாண்டினாத்தான் தேவை இல்லைன்னு ஆகும். தாண்டாம மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க" என்று கதவு வரை வந்து வழியனுப்பினார்.

தையல்காரம்மா நேரே வாத்தியாரிடம் போனாள்.

"வாத்தியாரே, எம்பொண்ணுக்குத் தப்பா வாசிக்கச் சொல்லிக் கொடுங்க."

வாத்தியார் ஆச்சரியப்படவே இல்லை. "மத்த மூணு பிள்ளைங்களும் எப்படித் தாக்குப்பிடிக்குதுன்னு நினைச்சீங்க? அஞ்சு வருஷமா நான் அதைத்தாம்மா சொல்லிக் கொடுக்கிறேன். எங்கே சறுக்கணும், எங்கே கீச்சுன்னு இழுக்கணும், எல்லாத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. உங்க சிட்டுதான் நான் சொன்ன பேச்சைக் கேக்காம நிஜமாவே கத்துக்கிட்டா."

அன்றிலிருந்து சாதகம் தலைகீழானது. சிட்டு வில்லை எடுப்பாள், அபஸ்வரத்தை நோக்கிப் போவாள், விரல் தானாக நகர்ந்து சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலாம் நாள் வயலினை மடியில் வைத்துக்கொண்டு தேம்பினாள்.

"கை தப்பாப் போகமாட்டேங்குதும்மா."

தையல்காரம்மா முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஆனாலும் குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள். "பழகினா வந்துடும்டி. ஒரே ஒரு மாசம். ஊரோட ஒத்து வாழக் கத்துக்கோ."

மூன்றாம் வாரம் அபஸ்வரம் கைக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

இதற்கிடையில் அறக்கட்டளையின் தலைமைத் தலைவி தையல்காரம்மாவின் வீட்டுக்கே வந்தார். பதினோரு தலைவர்களுக்கும் தலைவி. கையில் புத்தம் புதுப் பருத்திச் சட்டை, விலைச் சீட்டு கூட எடுக்கவில்லை. தையல்காரம்மா அதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் வீட்டு இரண்டு மாச வாடகை.

"இதுல ஒட்டுப் போடணும்மா."

"எங்கேயும் கிழியலையே மேடம்!"

"கிழியலைன்னாலும் போடணும். ஆண்டுக் கூட்டத்துல மக்களோட மக்களா உட்காரப்போறேன். இப்ப எல்லா இடத்துலயும் தலைமைன்னா இப்படித்தான்."

"மேடம், எம்பொண்ணு வயலின் விஷயம்..."

தலைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கேள்விப்பட்டேன். ராத்திரி தூக்கமே வரல. ஆனா நான் தலையிட்டா சமவாய்ப்பு என்னம்மா ஆகும்?"

தையல்காரம்மாவுக்கு ஒரு நப்பாசை. சட்டை மனசுக்குப் பிடித்தால் மேடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? இரண்டு நாள் வேறு வேலையைத் தொடவில்லை. கேட்டது ஆறு ஒட்டு, போட்டது பதினேழு. ஒவ்வொன்றும் மூலை மடித்து, இழை தெரியாமல், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு சிட்டுவின் கவுனைக் கிழிக்க உட்கார்ந்தாள். கத்தரிக்கோலால் ஒரு முழ நீளம் கிழித்தும்விட்டாள். காலையில் பார்த்தால் கிழிசலைக் காணோம். விடிகாலையில் எழுந்து, தான் செய்வது இன்னதென்று தெரியாமலே தைத்திருக்கிறாள்.

ஆண்டுக் கூட்டத்தில் மேடை கிடையாது. மேடை ஏற்றத்தாழ்வு என்று மூன்று மாதம் ஐந்து நட்சத்திர ஓட்டலில் கூடி ஆலோசித்து முடிவெடுத்திருந்தார்கள். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெயர்ச் சீட்டும் ஏற்றத்தாழ்வுதான். ஆகவே ஆளுக்கொரு எண்ணைக் குத்திவிட்டார்கள். குழந்தைகள் ஒன்றிலிருந்து நான்கு. தலைவி ஐந்து. செருப்புக்கூடப் போடவில்லை.

மதிப்பீட்டாளர் கண்ணியமான மனிதர். யாரையும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். அதற்குத்தான் அவரை அழைத்திருந்தார்கள். முதல் மூன்று பிள்ளைகளும் வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி சறுக்கி, இழுத்து, கச்சிதமாக இரண்டு இரண்டு வாங்கினார்கள். சிட்டு எழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முழுசாக ஒரு பாட்டைக் கெடுத்தாள். பத்துக்கு மூன்று. தையல்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அங்கேயே முடிந்திருக்க வேண்டும். தலைவிக்குத்தான் உணர்ச்சி மேலிட்டுவிட்டது. "குழந்தைங்க மட்டும்தான் சோதிக்கப்படணுமா? தலைமை முன்னுதாரணமா இருக்க வேண்டாமா?" என்று கேட்டு, சிட்டுவின் கையிலிருந்தே வயலினை வாங்கி, இரண்டு நிமிஷம் வாசித்தார்.

தப்பாக வாசிக்கப் பழகியவர்கள் எங்கே, பிறவியிலேயே வராதவர் எங்கே? மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுதினார்: "எண் ஐந்து. காலணி இல்லை. பதினேழு ஒட்டு, அத்தனையும் கவனத்துடன் தைக்கப்பட்டவை. தன்மானமுள்ள வறுமை. இசை அறவே எட்டவில்லை. பத்துக்குப் பூஜ்யம்."

எண் நான்கு பட்டியலிலிருந்து வெளியே போனது.

தேவை அதிகாரி ஓடிவந்து காதைக் கடித்தார். "சார், அவங்க எங்க தலைவி."

"படிவத்துல தலைவின்னு கட்டமே இல்லையே? தேவைன்னுதான் இருக்கு."

விஷயம் பரவியது. தலைமையே பயனாளியான முதல் அறக்கட்டளை என்று நன்கொடையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவி முதலில் மறுக்கத்தான் பார்த்தார். கைதட்டல் நிற்கவில்லை. "நான் வேண்டாம்னா அது மதிப்பீட்டையே அவமதிச்சதா ஆகிடும்" என்று தழுதழுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டார். தையல்காரம்மாவும் எழுந்து, "மேடம், அது எம்பொண்ணு..." என்றாள். அந்தக் கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. அவளும் வாழ்த்துகிறாள் என்று நினைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

வயலின் இப்போது தலைவி அறைச் சுவரில், ஆணியில், நல்ல வெளிச்சத்தில் தொங்குகிறது.

பத்து நாள் கழித்து அங்கிருந்து ஒரு மூட்டை வந்தது. பதினொன்று, பதினொன்றும் புதுச் சட்டை. கூடவே ஒரு சீட்டு: "போன தடவை ஒட்டுகள் மிகவும் நேராக இருந்தன. உண்மையானவையாகத் தோன்ற, இம்முறை கோணலாகத் தைக்கவும்."

தையல்காரம்மா வாய்க்கு வந்தபடி திட்டினாள். மூட்டையைக் காலால் எத்தினாள். அப்புறம் வாடகை நினைவுக்கு வந்து, ஒரு சட்டையை எடுத்து மெஷினில் வைத்தாள். தைத்தாள், பிரித்தாள். மறுபடி தைத்தாள், மறுபடி பிரித்தாள். எவ்வளவு வளைத்தாலும் தையல் நூல் பிடித்த மாதிரி நேராகவே ஓடியது.

சிட்டு எதிரே உட்கார்ந்து சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் சாயங்காலத்தில் அவளுக்கு வேறு வேலை கிடையாது.

"என்னம்மா ஆச்சு?"

"கை கோணலாப் போகமாட்டேங்குதுடி."

"பழகினா வந்துடும்மா" என்றாள் சிட்டு. "ஒரே ஒரு மாசம்."