சுக்கான் மேட்டுக்கு ஒரு கையெழுத்து

கீழப்பழுவூர்,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் லிப்ட் வசதியோடும் சகல சௌபாக்கியங்களோடும் வாழ்ந்துவரும் மரியாதைக்குரிய மைத்துனர் திரு. சிங்காரவேலு அவர்களுக்கு, தங்கள் தங்கை கொளஞ்சியம்மாளின் கணவனும், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய ராசாங்கம் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சிமெண்ட் லாரிகளின் புண்ணியத்தில், விபூதிச் செலவில்லாமல் உடம்பெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் வீட்டம்மாவும் பிள்ளைகளும் தூசி துரும்பு படாமல் இருக்க எல்லாம் வல்ல ஆலந்துறையாரை வேண்டுகிறேன்.

நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வேறு யாருடைய போனிலாவது செய்தால் எடுத்து, என் குரலைக் கேட்டதும் "டவர் இல்ல, டவர் இல்ல" என்று கோயில் மணி மாதிரி கணீரென்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். ஆகவே கடிதம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். தபால்காரர் கையெழுத்து வாங்காமல் கொடுக்க மாட்டார். இதற்காவது ஒரு கையெழுத்துப் போடுவீர்கள் அல்லவா? உங்களுக்குக் கையெழுத்துப் போட வரும் என்பதையாவது நான் தெரிந்துகொள்கிறேன்.

வரும் புதன்கிழமை வளர்பிறை. அன்றைக்கு நீங்கள் சார்பதிவாளர் ஆபீசுக்கு வந்து சுக்கான் மேட்டு நிலத்தின் கிரயப் பத்திரத்தில் உங்கள் தங்கையோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கேட்பது இவ்வளவுதான். ஆனால் உங்களுக்குச் சில விஷயங்கள் மறந்துபோயிருக்கும் என்று தோன்றுவதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், கடிதத்துக்கு டவர் தேவையில்லை.

எங்கள் கல்யாணத்தில் உங்கள் அப்பா, பெண்ணின் மஞ்சள் குங்குமச் செலவுக்கு நிலம் கொடுக்கும் உங்கள் குடும்ப வழக்கப்படி, மஞ்சக்காணியாகச் சுக்கான் மேட்டைக் கொடுத்தார். பந்தலில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு வாயால் சொன்னார். எழுதித் தரவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று சம்பந்தியிடம் கேட்பது மரியாதை இல்லை என்று என் அப்பாவும் வாயை மூடிக்கொண்டார். ஏரிப் பாசன நஞ்சை முழுவதும் உங்களுக்கு. எங்களுக்குச் சுண்ணாம்புக் கல்லும் கருவேல முள்ளும். கடப்பாரை போட்டால் கடப்பாரைதான் வளைந்தது. கடலை விதைத்தோம், விதைத்த கடலைகூடத் திரும்பி வரவில்லை. அந்தப் பந்தலில் வெற்றிலையை மடித்துக்கொண்டே நீங்கள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "மாப்ள, அந்த மேட்டுல ஆடுகூட நிக்காது. பத்திரமா வச்சுக்குங்க."

பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டேன் மச்சான். நீங்கள்தான் உங்கள் நஞ்சையை வைத்துக்கொள்ளவில்லை. அதை விற்றுத் தாம்பரத்தில் பிளாட் வாங்கப் போனபோது உங்கள் தங்கையின் கையெழுத்து வேண்டும் என்று வந்து நின்றீர்கள். அவள் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் காட்டின இடத்தில் எல்லாம் போட்டாள். அந்தப் பாலிலேயே காபி குடித்துவிட்டுப் போனீர்கள். அதற்கப்புறம் எங்கள் அனிதாவுக்குக் காது குத்தினோம், தாய்மாமன் மடி வேண்டுமென்று சொல்லி அனுப்பினோம். ஆபீசில் லீவு இல்லை என்றீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உட்காரவைத்துக் குத்தினோம். பிள்ளை அழுததோ இல்லையோ, உங்கள் தங்கை அழுதாள்.

உங்கள் அப்பா காலமானதும் சுக்கான் மேட்டின் பட்டாவில் உங்கள் பேரும் அவள் பேரும் சேர்ந்து கூட்டுப் பட்டாவாக ஏறியது. "சும்மா ஒரு பேருக்குத்தான் மாப்ள" என்றீர்கள். சரி, பேருக்குத்தானே என்று நானும் இருந்துவிட்டேன். பஸ்ஸில் ஒருத்தன் டிக்கெட் எடுக்காமல் ஏறினால் மோப்பம் பிடித்துவிடுகிற நான், பட்டாவில் ஒருத்தர் ஏறியதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் ரோடு அகலமானது. ஆடு நிற்காத இடத்தில் இப்போது கார் நிற்கிறது. ஏக்கர் கணக்கெல்லாம் போய் அடிக்கணக்கில் விலை கேட்கிறார்கள். ஆனால் அதே ரோட்டில்தான் சுண்ணாம்புக் கல் லாரிகள் ராப்பகலாகப் போகின்றன. உங்கள் தங்கைக்கு இளைப்பு. வாசல் பெருக்கிவிட்டு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பஃப் மருந்து இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போக முடியவில்லை. திருச்சி டாக்டர் சொல்லிவிட்டார், "இந்தத் தூசிய வுட்டு வெளிய கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா நான் எழுதிக்கிட்டே இருப்பேன், இவங்க இழுத்துக்கிட்டே இருப்பாங்க." அனிதா துறையூரில் வாக்கப்பட்டிருக்கிறாள். அங்கே பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறாள். போன மாதம் போய் இரண்டு நாள் தங்கினோம். உங்கள் தங்கை இருமாமல் தூங்கியதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காகத்தான் மச்சான் விற்கிறேன், கார் வாங்க அல்ல.

விற்பது என்றால் சும்மாவா? தரகர் தங்கசாமியைப் பிடித்தேன். அவர் நேற்று வரைக்கும் ஆட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். ஊரில் ஆடு குறைந்து பிளாட் அதிகமானதால் இந்தப் பக்கம் வந்துவிட்டார். பெட்ரோல் பங்க் போட வேண்டுமென்று திருச்சியிலிருந்து கூலிங்கிளாஸ் போட்ட ஒருவரைக் கூட்டிவந்தார். விலை என்ன என்று அவர் கேட்டதும், தங்கசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, சந்தையில் செய்கிற மாதிரி உள்ளே விட்டு விரலைப் பிடித்து அழுத்திவிட்டார். வந்தவர் பதறிப்போய், "சார், இவரு எதுக்கு என் கையப் புடிக்கிறாரு?" என்று என்னிடம் ஓடிவந்தார். "கூச்சப்படாதீங்க தம்பி, வெலதான் சொல்றேன்" என்கிறார் தங்கசாமி. அப்புறம் வந்தவர் ரோட்டைப் பார்த்தார். "நடுவுல தடுப்பு வச்சு அரளிச் செடி நட்டிருக்காங்களே, எதிர்ப்பக்கம் வர்ற வண்டி இங்க எப்படி வரும்?" என்றார். "டீசல் தீந்தா தன்னால வரும் தம்பி" என்றார் தங்கசாமி. கூலிங்கிளாஸ் போனவர்தான், திரும்ப வரவில்லை.

அடுத்து ஜெயங்கொண்டத்திலிருந்து கல்யாண மண்டபம் கட்ட ஒருவர் வந்தார், கையோடு வாஸ்துக்காரரையும் கூட்டிக்கொண்டு. வாஸ்துக்காரர் திசைகாட்டியை வைத்துக்கொண்டு மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, "எடம் தெற்க நாக்கு நீட்டிக்கிட்டு நிக்குது. வாங்குறவனுக்குப் பேச்சால வம்பு வரும். ஈசானியத்துல ஒரு பள்ளம் எடுத்தா சரியாயிடும்" என்றார். உடனே தங்கசாமி ஜேசிபியைக் கொண்டுவந்துவிட்டார். பள்ளம் எடுத்ததில் உருண்டையாக ஒரு கல் வந்தது, பூசணிக்காய் அளவு. நம் ஊர் மண்ணைத்தான் தெரியுமே, எங்கே தோண்டினாலும் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் வரும். ஜேசிபி ஓட்டினவன் சும்மா இருக்காமல், "அய்யய்யோ, டைனோசர் முட்டை!" என்று கத்திவிட்டான். சாயங்காலத்துக்குள் ஊரே மேட்டில் கூடிவிட்டது. செல்போனில் படம் பிடிக்கிறான் ஒருத்தன், சூடம் கொளுத்துகிறான் இன்னொருத்தன். மண்டபக்காரர் முகம் வெளிறிப்போயிற்று. "தொல்லியல்காரங்க வந்துட்டா செங்கல்லுகூட வைக்க வுட மாட்டாங்க, ஆள வுடுங்க" என்று காரில் ஏறிவிட்டார். மறுநாள் ஒரு அதிகாரி வந்து பார்த்து, இது வெறும் உருண்டைக் கல் என்று காலால் உருட்டிவிட்டுப் போனார். ஜேசிபி வாடகை என் தலையில் விழுந்தது.

இவ்வளவுக்கும் பிறகுதான் கடவுள் கண்ணைத் திறந்தார். லப்பைக்குடிக்காடு காதர் பாட்சா வந்தார். துபாயில் ஹோட்டலில் உழைத்துவிட்டு வந்த மனுஷன், இங்கே சொந்தமாக ஹோட்டல் போட ஆசை. வாஸ்து கேட்கவில்லை, துண்டுக்குள் கையும் விடவில்லை. "அண்ணே, எனக்கு வில்லங்கம் இல்லாம இருந்தா போதும். அக்கா கையெழுத்தும் அவங்க அண்ணன் கையெழுத்தும் வேணும். இன்ஷா அல்லாஹ் முடிச்சிடுவோம்" என்றார். நீங்களும் தங்கசாமியின் போனில் "வந்துடறேன்" என்று சொன்னீர்கள். ஆனி மாதம் நாள் குறித்தோம். காதர் பாட்சா தன் மனைவி ரஷீதாவோடு இனிப்பு டப்பாவும் வாங்கிக்கொண்டு சார்பதிவாளர் ஆபீசுக்கு வந்தார். உங்கள் தங்கை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க வாங்க வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். நீங்கள் வரவில்லை. உங்கள் மகன்தான் போன் செய்தான், அப்பாவுக்கு பிரஷர், பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று. பாவம் எங்கண்ணன் என்று உங்கள் தங்கை அங்கேயே கும்பிட்டாள். அன்றைக்கு மத்தியானம், பதிவுக்காகத் துறையூரிலிருந்து வந்திருந்த அனிதா தன் போனில் காட்டினாள். உங்கள் மருமகள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குற்றாலம். அருவிக்கடியில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பது யார் மச்சான்? நல்ல மருத்துவம். இனிப்பு டப்பாவை காதர் பாட்சா எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு விட்டீர்களா? நான் மேட்டில் "இந்த இடம் விற்பனைக்கு" என்று போர்டு வைத்திருந்தேன். பக்கத்திலேயே நீங்கள் ஆள் வைத்து, உங்கள் போட்டோவோடு, அதில் சிரித்துக்கொண்டு வேறு, "இந்த இடம் விற்பனைக்கு அல்ல, இப்படிக்கு சிங்காரவேலு" என்று பிளெக்ஸ் வைத்தீர்கள். லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படித்துவிட்டு, "பெருசு, முதல்ல ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாற்பது வருஷம் பஸ்ஸில் ஊரையே அதட்டினவன், ரோட்டோரம் நின்று லாரி கிளீனரிடம் புத்தி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாதி கேட்கிறீர்கள் என்று தங்கசாமி சொன்னார். உங்கள் நஞ்சையில் அவள் பாதி கேட்டாளா? ஆனாலும் அவள் மூச்சை நினைத்து, சரி, கொடுத்துவிடுகிறேன் என்றேன். பாதியை ஒத்துக்கொண்ட பிறகும் நீங்கள் சொல்லி அனுப்பியது, "என்ன அவசரம்? தொழிற்பேட்டை வருதுங்கறாங்க. இன்னும் ரெண்டு வருசம் போவட்டும், வெல ஏறும்." ஏறட்டும் மச்சான். ஏறின விலையை வாங்கி நான் யாருக்கு வீடு கட்ட? அவளை அதுவரைக்கும் யார் வைத்துக் காப்பாற்றுவது? நீங்களா? உங்கள் கூடப் பிறந்த பிறப்பு இங்கே ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சேலையைத் தண்ணீரில் நனைத்துக் கதவிடுக்கில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்கு அடிக்கணக்குதான் தெரிகிறது.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். காதர் பாட்சா இந்த மாதம் முடியும் வரை பொறுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். புதன்கிழமை வாருங்கள். பாதி என்ன, வேண்டுமானால் தங்கசாமியை வைத்து இன்னும் பேசிக்கொள்ளலாம். பஸ்ஸில் வந்தால் நானே ஸ்டாண்டில் வந்து காத்திருப்பேன். ஒரு கையெழுத்துதான். அன்றைக்கு அவள் போட்டாளே, அதே மாதிரி ஒன்று.

வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசிகளையும் சொல்லவும். அருவியில் குளித்த உடம்பு, ஜலதோஷம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
ராசாங்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று உங்கள் தங்கை படிக்கச் சொன்னாள். முழுவதும் படித்தேன். டைனோசர் முட்டை வந்தபோது சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, பஃப் அடித்து அடங்க நேரமாயிற்று. அப்புறம் சொன்னாள், "எங்கண்ணன் வந்து கையெழுத்துப் போட்டாலும் நான் போட மாட்டேன்."

"ஏன்டி?" என்று கத்திவிட்டேன்.

"நெலம் வெல ஏறுனதுக்கப்புறந்தான் எங்கண்ணன் எனக்குப் போன் பண்ணுது. ஞாயித்துக்கெழம நீங்க கறி வாங்கப் போறப்ப பண்ணும். சாப்டியா கொளஞ்சின்னு கேக்கும். நின்னுபோன பொங்கச் சீரு ரெண்டு வருசமா வருது. வித்துட்டா எல்லாம் நின்னுபோயிடும்."

சீர் வந்தது எனக்குத் தெரியும். லஞ்சம் என்று திட்டினவனே நான்தான். போன் விஷயம் இன்றைக்குத்தான் தெரியும்.

"அந்த ஆளு பேசறது நெலத்துகிட்டடி, உங்கிட்ட இல்ல" என்றேன்.

"தெரியாதா எனக்கு? போனு எங்காதுலதான இருக்கு" என்றாள்.

துறையூர் வீட்டை வேண்டாம் என்று அனிதாவிடம் சொல்லியாகிவிட்டது. காதர் பாட்சாவிடம் நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். நீங்கள் புதன்கிழமை வர வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பின்குறிப்பை அவளுக்குத் தெரியாமல்தான் எழுதி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் மறந்துவிடாதீர்கள் மச்சான். நிலத்தைப் பற்றியே பேசுங்கள், பரவாயில்லை.