துரை துப்பிய காப்பி

பவானிப்பூர், கல்கத்தா
சாதாரண வருஷம், மார்கழி 22, வெள்ளிக்கிழமை

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் அனந்தகிருஷ்ணன் அவர்களுக்கு, மைத்துனன் பட்டாபிராமன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் நாகலக்ஷ்மியும் உடம்பால் சௌக்கியம். அங்கே தாங்களும் காமு அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டும், மலைமேல் ஒருவர்கூட இன்னும் மண்வெட்டியைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று காளிகாட் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் அடித்த தந்தியை அடுப்பில் போட்டுவிடுங்கள். ‘துரை வாயில் வைத்தார், துப்பிவிட்டார், மன்னிக்கவும்’ என்றது அது. இன்று காலை அடித்த ‘செடியைத் தொட வேண்டாம், கடிதம் வருகிறது’ என்பதுதான் நிஜம். தாங்கள் அம்மை குத்தும் உத்தியோகத்துக்காக மலை ஏறியதும், தங்களைக் கண்டு காட்டுக்குள் ஓடிய ஜனங்களை நாலு வருஷம் பேசிப் பேசியே வசப்படுத்திப் பலாமரத்தடியிலெல்லாம் காப்பிச் செடி வைக்கச் செய்ததும் நம் குடும்பம் முழுவதும் அறிந்த விஷயம். சாமை விளைகிற நிலத்தில் கசப்புக் கொட்டையை விளைவித்து யார் வயிறு நிறையும் என்று அவர்கள் தலைவன் மூப்பன் கேட்டான், முதல் மகசூலைப் பெரிய பட்டணத்தில் நல்ல சரக்கு என்று சொல்லாவிட்டால் தை பிறந்ததும் நாற்பது குடியும் செடியைப் பிடுங்கி எறிந்துவிடுவோம் என்று கெடு வைத்தான் என்றெல்லாம் எழுதி, ஒரு மூட்டையை என் பெயருக்கு அனுப்பினீர்கள். ஆக, நாற்பது குடும்பத்தின் சோறு என் தலையில் வந்து உட்கார்ந்தது. என் தலையின் லட்சணம் தங்களுக்குத் தெரியாததல்ல.

மூட்டை ஹவுராவில் வந்து இறங்கியபோதே சனியன் பிடித்துக்கொண்டது. அந்த ஸ்டேஷனைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். நம் ஊர்த் தேரை நாலு தரம் உள்ளே விட்டுத் திருப்பலாம். அவ்வளவு பெரிய இடத்தில் நம் மூட்டைக்குக் கிடைத்த இடம் இரண்டு கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில். வண்டி பிடித்து, கப்பலுக்கு வழிவிடப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள் என்று ஒன்றரை மணி நேரம் கங்கைக்கரையில் காத்திருந்து, வீடு வந்து சேர்ந்தால், நாகலக்ஷ்மி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஐயையோ, மச்ச வாடை! இது ஆத்துக்குள்ள வரப்படாது. மஞ்சள் ஜலம் விட்டு ரெண்டு தரம் அலம்பினாத்தான் உள்ளே” என்று குடத்தைத் தூக்கிவிட்டாள். காப்பிக்கொட்டையில் ஜலம் பட்டால் கதை முடிந்தது என்று தாங்கள் எழுதியது நினைவுக்கு வந்து, நான் மூட்டையின்மேல் குப்புற விழுந்தேன். நான் நனைந்தேன். மூட்டை நனையவில்லை. எதிர்வீட்டு வங்காளி அம்மாள் ஜன்னலைத் திறந்து, யாராவது செத்துப் போய்விட்டார்களா என்று கேட்டாள்.

எங்கள் கம்பெனியில் டீ ருசி பார்க்க ஒரு துரை இருக்கிறார். காப்பியும் பார்ப்பார். எங்கள் பெரிய குமாஸ்தா கோஷ் பாபு அவரிடம் பேசி, ஒரு பிடி பச்சைக்கொட்டை கொண்டுவந்தால் போதும் என்றார். நாகலக்ஷ்மிக்கு இது சம்மதப்படவில்லை. “பச்சைக் கொட்டையைக் கொண்டுபோய் நீட்டினா நம்மளைப் பத்தி என்ன நெனைப்பா? வறுத்து அரைச்சு, கள்ளிச் சொட்டாட்டம் டிகாக்ஷன் போட்டுத் தரேன், எடுத்துண்டு போங்கோ” என்று கூஜாவில் பால்விட்டுக் கொடுத்தாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு பிடி பச்சைக்கொட்டையையும் பொட்டலம் கட்டி எடுத்துப்போனேன். கோஷ் பாபு பொட்டலத்தை மாடிக்கு அனுப்பினார். கூஜாவை மட்டும் தன் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குள் அவரே காலி செய்துவிட்டார்.

அத்திம்பேர், அந்த மாடி அறையை நான் எப்படி எழுதுவேன்! வடக்கே பார்த்த பெரிய ஜன்னல்கள், ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாத மேஜை, அதன்மேல் நூறு வெள்ளைக் கோப்பை, கர்ப்பகிருகம் போல ஒரு நிசப்தம். துரை சுருட்டுப் பிடிப்பதில்லையாம், வெங்காயம் தொடுவதில்லையாம், காலையில் யாருடனும் பேசுவதில்லையாம். நம் மடத்துப் பெரியவர்களுக்கே இவ்வளவு நியமம் கிடையாதே என்று மலைத்துப் போனேன். அடுத்த நிமிஷம் அந்த மனிதர் ஒரு கரண்டியை வாயில் வைத்து, முறத்தில் புடைக்கிற மாதிரி சத்தத்தோடு உறிஞ்சி, அதே எச்சில் கரண்டியை அடுத்த கோப்பையில் விட்டார். அப்படியே வரிசையாக வந்து நம் காப்பிக்கு முன்னால் நின்றார். உறிஞ்சினார். கண்ணை மூடினார். என் பிராணனும் அந்தக் கரண்டியில்தான் இருந்தது. பிறகு திரும்பி, இடுப்புயரப் பித்தளைப் பாத்திரத்தில் பளிச்சென்று துப்பினார்.

நம் குடும்பத்தில் வேப்பங்கொழுந்துக் கஷாயத்தைக்கூட ஒருவரும் துப்பியதில்லை. வாயில் போட்டதைத் துப்புவதென்றால் அது விஷம் என்று அர்த்தம். நேரே தந்தியாபீசுக்கு ஓடினேன். அங்கிருந்து வீட்டுக்கு வந்து, காய்ச்சல் என்று லீவ் எழுதியனுப்பிவிட்டு, மூன்று நாள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். கண்ணை மூடினால் நாற்பது குடியும் வரிசையாக நின்று செடி பிடுங்குவதுதான் தெரிந்தது.

இன்று காலை கோஷ் பாபுவே டிராம் ஏறி வந்துவிட்டார். “என்ன மொஷாய், எங்கே ஒளிந்துகொண்டீர்? துரை மூன்று நாளாக உம்மைத் தேடுகிறார்!” என்றார்.

“துப்பிவிட்டாரே!” என்றேன்.

“துப்பாமல்? ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை. அத்தனையும் விழுங்கினால் துரை மிஞ்சுவாரா? இருபது வருஷமாக எல்லாவற்றையும்தான் துப்புகிறார். உம் கோப்பைக்கு மட்டும் மூன்று தரம் திரும்பி வந்தார். அதற்குள் நீர்தான் ஓடிவிட்டீரே!”

சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் போனேன். துரை என்னைக் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன். இது பழமரங்களின் நிழலில் வளர்ந்ததுதானே? மண்தரையில் உலர்த்தினார்களா? பக்கத்தில் அடுப்பு எரிந்ததோ? கொஞ்சம் புகை ஏறியிருக்கிறது, அடுத்த தடவை தள்ளி உலர்த்தச் சொல். பழுக்காத காய் ஒன்றுகூட இதில் இல்லை, ஒவ்வொரு பழமாகப் பார்த்துப் பறித்திருக்கிறார்கள், யார் அந்த ஜனங்கள்? அத்திம்பேர், அந்த மனிதர் மெட்ராஸ் பக்கமே வந்ததில்லை. ஒரு வாய் வென்னீருக்குள் தங்கள் மலையை, பலாமரத்தை, குடிசை அடுப்பை, பறித்த பெண்களின் கையை எல்லாம் பார்த்துவிட்டார். எனக்கு உடம்பு புல்லரித்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். மறுபடி லீவ் கேட்கிறேன் என்று நினைத்து, கிடையாது என்று சொல்லிவிட்டார். எவ்வளவு விளைந்தாலும் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்கிறார், அனுப்பச் சொல்லுங்கள்.

இனித் தங்கள் சாமர்த்தியம். படித்து உத்தியோகம் பார்க்கிற எனக்கே இது புரிய மூன்று நாள் ஆயிற்று. காட்டு ஜனங்களுக்கு இந்தப் பட்டணத்து நாசூக்கெல்லாம் லேசில் ஏறாது. எடுத்தவுடனே துப்பினார் என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் கோப்பையைப் பற்றிச் சொல்லுங்கள், பிறகு கரண்டி, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. மூப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது நல்லது. ஒருவேளை செடிகளை ஏற்கெனவே பிடுங்கிவிட்டிருந்தால், அந்தப் பாவம் என்னுடையது. நாலு வருஷ உழைப்பை நாலு வார்த்தைத் தந்தியில் கெடுத்தவன் நான். அப்படி ஆகியிருந்தால் எழுதுங்கள். நானே மலை ஏறி வந்து ஒவ்வொரு குடிசை வாசலிலும் விழுந்து கும்பிடுகிறேன்.

காமு அக்காவுக்கு என் நமஸ்காரம். கூஜா இன்னும் திரும்பி வரவில்லை என்பதைத் தவிர நாகலக்ஷ்மிக்கு வேறு குறை இல்லை. சகல மங்களமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்
பட்டாபிராமன்

பி.கு.: சனிக்கிழமை காலை. உறையை ஒட்டுகிற சமயத்தில் தங்கள் தந்தி வந்தது. ‘முதல் தந்தியைப் புதன்கிழமையே மலையில் எல்லோருக்கும் வாசித்தேன். மூப்பன் சிரித்தார். தேன் எடுத்தால் அவர்களும் வாயில் வைத்துத் துப்பித்தான் எந்தப் பூ, எந்தப் பாறை என்று சொல்வார்களாம். விழுங்குகிறவனுக்குப் பசிதான் தெரியுமாம். துப்பத் தெரிந்த ஆள் கையில் சரக்குப் போயிருக்கிறது என்று அன்றே புது நாற்றங்காலுக்கு விதை போட்டாயிற்று. நீ ஏன் மன்னிப்புக் கேட்டாய் என்றுதான் ஒருவருக்கும் புரியவில்லை’ என்கிறது. அத்திம்பேர், மேலே எழுதிய ஆறு பக்கத்தையும் கிழித்துவிடுங்கள். அக்கா கண்ணில்கூடப் பட வேண்டாம். மூப்பனாருக்கு மட்டும் என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.