கோலாலம்பூரில் திருச்சி ராகு காலம்

ஜோதிடம் தெரியுமா என்று யாராவது கேட்டால், "தெரியாது" என்று இப்போதெல்லாம் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். அது பொய். ஆறு மாத ஆன்லைன் படிப்பு முடித்து, சான்றிதழுக்கு லேமினேஷன் போட்டு, ஹாலில் டிவிக்கு மேலே ஆணியடித்து மாட்டியவள் நான். ஆணி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. சான்றிதழ் மட்டும் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், குப்புறக் கிடக்கிறது.

நான் திருவெறும்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை, கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ். ஜோதிடத்தில் பாதி கணக்குதானே, நமக்குச் சுலபமாக வரும் என்று நினைத்துச் சேர்ந்தேன். சுலபமாகத்தான் வந்தது. வந்த வேகத்தில் தலைக்கும் ஏறிவிட்டது. பால் பொங்கினாலும் சந்திராஷ்டமம், பஸ்ஸைத் தவறவிட்டாலும் வக்ரச் சனி. (அடுப்பைச் சிம்மில் வைக்க மறந்ததும், வீட்டை விட்டுக் கிளம்பத் தாமதமானதும் கிரகக் கணக்கில் வராது.)

நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட ஒரே ஜீவன் பவித்ரா. என் நாத்தனார் சுமதியின் பெண். அவர்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். அவள் படித்தது துவாக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில், இன்ஜினீயரிங் கடைசி வருடம். பள்ளி நாட்களில் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து என்னிடம் கணக்குப் படித்தவள், அந்தப் பழக்கத்தில் ஜோதிடத்தையும் கேட்டுக்கொண்டாள். ராகு காலம் எப்படி வருகிறது என்று அவளுக்குப் படம் போட்டே விளக்கியிருக்கிறேன். "சூரியன் உதிக்கிறதுலேருந்து சாயறது வரைக்கும் பகலை எட்டுப் பங்கா போடு. ஞாயித்துக்கிழமை கடைசிப் பங்கு ராகுவுக்கு. அதுக்கு முந்தின பங்கு குளிகை. புரிஞ்சுதா?" புரிந்தது என்றாள். அவளுக்கு எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண் அருமையாகப் பாடுவாள். ஒரு டிவி சேனல், பல நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை வைத்து நடத்திய பாட்டுப் போட்டியில் இந்தியாவின் சார்பாகத் தேர்வாகிவிட்டாள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று தொடங்கி நாட்டுக்கு ஒருவர். ஜெயிப்பவருக்கு ஒரு இசையமைப்பாளரிடம் பாடும் வாய்ப்பு. பவித்ராவுக்கு அப்போதே பெங்களூரு கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஜெயிச்சா பாட்டு. இல்லன்னா பெங்களூரு. நடுவுல ஊசலாட்டம் கூடாது." அவளும் சரி என்று கையடித்துக் கொடுத்திருந்தாள். அவளுடைய எதிர்காலமே அந்த ஒரு போட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டுதான் நான் பஞ்சாங்கத்தோடு உள்ளே புகுந்தேன்.

முதலில் நாடுகளுக்கு ஜாதகம் கணித்தேன். சுதந்திரம் வாங்கிய நேரத்தைப் பிறந்த நேரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவுக்கு நள்ளிரவு என்று ஊருக்கே தெரியும். ரிஷப லக்னம், கடக ராசி, பிரமாதம். கனடாவுக்கு நேரம் தெரியவில்லை. எந்த நாடாக இருந்தாலும் ஆபீஸ் திறந்த பிறகுதானே கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று காலை பத்து மணி போட்டேன். அதில் எட்டாம் இடம் கெட்டிருந்தது. "கனடா பையன் முதல் சுற்றிலேயே வெளியேறுவான்" என்று குவார்ட்டர்ஸ் பெண்கள் வாட்ஸப் குழுவில் எழுதினேன். அவன் வெளியேறவில்லை. "கால் இறுதியில் நிச்சயம்" என்றேன். அதிலும் இல்லை. அரை இறுதியையும் தாண்டிவிட்டான். ஆனால் ஒவ்வொரு வாரமும் பவித்ராவும் ஜெயித்தாள். அதை மட்டும் குழுவில் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டு, "டீச்சர் சொன்னா சொன்னதுதான்" என்று கைகூப்பும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். அந்தப் பொம்மைகளை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

இறுதிச் சுற்று கோலாலம்பூரில், ஞாயிற்றுக்கிழமை, நேரடி ஒளிபரப்பு. அவர்களுக்கு மாலை ஆறரை, நமக்கு நான்கு மணி. ஐந்து பேர் பாட வேண்டும். அரை இறுதியில் முதலாவதாக வந்ததால், எத்தனையாவதாகப் பாடுவது என்று பவித்ராவே தேர்ந்தெடுக்கலாம்.

அவளுடைய பாட்டு மாஸ்டர் கடைசி இடம்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தார். முதலில் பாடுபவருக்கு மைக் சரியாக செட் ஆகாது, நடுவர்களும் மார்க்கைப் பிடித்துப் பிடித்துப் போடுவார்கள் என்பது அவர் அனுபவம். நாற்பது வருட அனுபவம். நான் அதை என் ஆறு மாதப் படிப்பால் தோற்கடித்தேன்.

"நாலரையிலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலம் சுமதி! கடைசில பாடினா நேரா அதுல போய் விழுவா. முதல்ல பாடினா நாலு மணி, குளிகை நேரம். குளிகைல எது நடந்தாலும் திரும்பத் திரும்ப நடக்கும். இன்னைக்கு ஒரு கைதட்டல் வாங்கினான்னா ஆயுசுக்கும் வாங்குவா."

"மாஸ்டர் வேற மாதிரி சொல்றாரே அண்ணி..." என்று இழுத்தாள் சுமதி.

"அவருக்கு ராகம் தெரியும். ராகு தெரியுமா?"

(இந்த வசனத்தை அன்று பெருமையாகக் குழுவிலும் போட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.)

சுமதி மகளிடம் பேசினாள். பவித்ரா முதல் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "பவித்ராவுக்கு நேரம் குறித்துக் கொடுத்தது நான்தான்" என்று குழுவில் அறிவித்தேன். மறுபடியும் பொம்மைகள்.

இதுவரை நடந்தது அசட்டுத்தனம். அசட்டுத்தனத்துக்காக ஒருவர் இத்தனை வருடம் வெட்கப்பட வேண்டியதில்லை. இனி வருவதுதான் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் போட்டிக்கு முன்னோட்டம் காட்டினார்கள். நமக்கு நாலரை மணி. தொகுப்பாளர் கோலாலம்பூரில் அரங்கத்து வாசலில் நின்று, "இப்போது இங்கே மாலை மணி ஏழு" என்றார். அவர் முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினார்.

வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அங்கே ஏழு மணிக்கும் பொழுது சாயவில்லை என்றால், பகலின் கடைசிப் பங்கு எப்போது? பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். சூரியன் ஏழு இருபதுக்குச் சாய்கிறது என்றால், ராகு காலம் ஐந்து ஐம்பதிலிருந்து ஏழு இருபது வரை. ஆறரைக்கு முதலில் பாடுகிறவள் அதன் நட்டநடுவில் நிற்பாள். எட்டு மணிக்குக் கடைசியில் பாடினால் ஒரு தொந்தரவும் இல்லை. பாட்டு மாஸ்டர் சொன்னதும் அதையேதான். பஞ்சாங்கம் அந்தந்த ஊர்ச் சூரியனைப் பார்த்துத்தான் பேசும் என்பது முதல் பாடத்திலேயே இருந்தது. நான் திருச்சிப் பஞ்சாங்கத்தை விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

விஷயம் கைமீறிப் போய்விடவில்லை. ஞாயிறு காலை வரை இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று சுமதி சொல்லியிருந்தாள். போனைக் கையில் எடுத்தேன். குழுவில் நான் போட்ட அறிவிப்பு மேலேயே இருந்தது. போனைக் கீழே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பவித்ரா.

"அத்தை, ஒரு டவுட். இங்க ஏழு மணிக்கும் நல்ல வெயில் இருக்கு. ராகு காலம் எந்த ஊர்க் கணக்குல பார்க்கணும்? நம்ம ஊரா, இந்த ஊரா?"

கேள்வித்தாள் என் மடியில் கிடந்தது. "நீ பொறந்த ஊர்க் கணக்குதான்டி கண்ணு," என்றேன். "ஜாதகம் பொறந்த மண்ணைத்தான் பேசும். தைரியமா பாடு."

அவள் "சரிங்க அத்தை" என்று வைத்துவிட்டாள். பதினைந்து வருடம் பிள்ளைகளின் தப்புக் கணக்கைச் சிவப்பு மையால் சுழித்தவள், என் தப்பைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் பதினான்கு பேர். வாழைக்காய் பஜ்ஜி, காபி. சான்றிதழுக்குக் கீழே டிவி. எதிர் வீட்டு ராஜேஸ்வரி எல்லோருக்கும் குளிகையின் மகிமையை நான் சொன்னபடியே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பவித்ரா மயில்கழுத்துப் பச்சைப் புடவையில் வந்தாள். முதல் வரியை எடுத்தாள். ஹாலே சிலிர்த்தது. இரண்டாவது வரியில் மைக் செத்துவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. தொகுப்பாளர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டு, "மறுபடியும் முதலிலிருந்து" என்றார்.

"பரவால்ல, திருஷ்டி கழிஞ்சுது" என்றேன்.

மறுபடியும் எடுத்தாள். அதே இரண்டாவது வரி. அதே இடத்தில் மைக் மறுபடியும் செத்தது.

ராஜேஸ்வரி மெதுவாக என் பக்கம் திரும்பினார். கிண்டலே இல்லை, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார். "டீச்சர், குளிகைல எது நடந்தாலும் திரும்பத் திரும்ப நடக்கும்னீங்களே... இதுவுமாங்க?"

நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கே நின்றுகொண்டு, மூன்றாவது முறை வேறு மைக்கில் அவள் பாடியதைக் கேட்டேன். தொண்டை வறண்டு, மேல் ஸ்தாயியில் குரல் நடுங்கியது. கடைசியாகக் கனடா பையன் பாடினான். மைக் அவனுக்குக் கணீரென்று ஒத்துழைத்தது. காலை பத்து மணிக்குப் பிறந்த கனடா ஜெயித்தது. எங்கள் பவித்ரா நான்காவது.

எல்லோரும் போன பிறகு என் கணவர் பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை. நாற்காலி போட்டு ஏறி, சான்றிதழை நானே கழற்றினேன்.

ஜூன் மாதம் பவித்ரா பெங்களூரு போனாள். ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். எல்லோரும் மைக்கைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

நான்கு வருடம் கழித்து, போன தை மாதம், கல்யாணப் பத்திரிகையோடு பவித்ரா வந்தாள். ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். பத்திரிகையைப் படித்துக்கொண்டே வந்தவள், முகூர்த்த நேரத்தில் தடுக்கி நின்றேன். காலை ஒன்பது முதல் பத்தரை வரை. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், "திருச்சி நேரப்படி" என்று அச்சடித்திருந்தது.

"என்னடி இது? மாப்பிள்ளை பெங்களூருதானே?"

"சும்மா, உங்களுக்காகத்தான் அத்தை" என்று சிரித்தாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. சனிக்கிழமை வெயில், கேள்வித்தாள், போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. அவள் அதிர்ச்சியடையவே இல்லை.

"தெரியும் அத்தை. போன் பண்றதுக்கு முன்னாடியே நானும் கணக்குப் போட்டுட்டேன். அஞ்சு அம்பதுலேருந்து ஏழு இருபது, சரிதானே?"

"அப்புறம் ஏன்டி முதல்ல பாடின?"

"நீங்க போட்ட கணக்கு தப்பாகி நான் பார்த்ததே இல்ல. எனக்குத்தான் ஏதோ புரியலன்னு நெனச்சுட்டேன்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. ராகு ஒண்ணும் பண்ணல. மைக் ஒயர் லூஸு. மாஸ்டர் சொன்னதைக் கேட்டிருக்கணும், அவ்வளவுதான்."

அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலமே வரவேற்பு. மணமகள் ஒரு பாட்டாவது பாட வேண்டும் என்று பெங்களூரு நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். மைக்கைக் கையில் வாங்கியவள் இரண்டு தட்டுத் தட்டினாள். வேலை செய்தது. பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, முந்நூறு பேர் கேட்க மைக்கிலேயே கேட்டாள்.

"அத்தை, பொழுது சாஞ்சிடுச்சா?"

எங்கள் குடும்பம் இருந்த பக்கம் மொத்தமும் சிரித்தது. (யார் யாரிடம் சொல்லியிருந்தாள் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். என் கணவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் அவருக்கு ரொம்ப நாளாகவே தெரியும் போலிருக்கிறது.) காது வரைக்கும் சூடேறியது. உட்கார்ந்திருந்தால் இன்னும் கேவலம் என்று எழுந்து, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டப வாசல் வரை போனேன். மேற்கே பார்த்தேன். வாட்ச்சையும் பார்த்தேன். இந்தத் தடவை எந்த ஊர்ச் சூரியன் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அது முழுசாக மறையும் வரை ஒரு நிமிடம் நின்றேன்.

உள்ளே வந்து, "சாஞ்சிடுச்சு. பாடு" என்றேன்.

பாடினாள். இரண்டாவது வரியைத் தாண்டியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் யார் பாட எழுந்தாலும், வளைகாப்பானாலும் சரி, சின்னக் குழந்தை ரைம்ஸ் சொன்னாலும் சரி, எல்லோரும் முதலில் என்னைத்தான் பார்க்கிறார்கள். நானும் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அனுமதி கொடுக்கிறேன். போன மாதம் காலை பத்து மணிக்குக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.