ஏட்டய்யாவும் இடிவேலன் பொங்கலும்

இந்தப் பொங்கலுக்கு மனைவியை வீட்டை விட்டுக் கிளப்பியே தீருவது என்று ஏட்டய்யா குற்றாலிங்கம் சபதம் எடுத்தார்.

சண்டை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு மணி நேரம் அவள் வீட்டில் இருக்கக் கூடாது. காரணம், இடிவேலன்.

இடிவேலனைத் தெரியாத பாவிகளுக்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் டிவியில் வருகிற மாவீரன். நீலச் சட்டை, முதுகில் சிவப்புத் துணி, பாதி முகத்துக்கு முகமூடி. ஒரு கையால் இடியைப் பிடிப்பான், மறு கையால் மின்னலை முறுக்கிக் கயிறு திரிப்பான். ஏட்டய்யாவோ தென்காசி போலீசில் லத்தி தேயும்வரை இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அவர் மீசையைக் கண்டால் புளியறை செக்போஸ்டில் லாரிகள் தாமாகவே ரிவர்ஸ் எடுத்துக் கேரளாவுக்குத் திரும்பிவிடும் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவர் இடிவேலன் வந்தால் உட்கார மாட்டார். எழுந்து விறைப்பாக நின்றுதான் பார்ப்பார். விளம்பரம் வந்தால்தான் காலை அகட்டுவார்.

தொந்தரவு என்னவென்றால், மனைவி வேல்விழி அம்மாளும் அதே நேரத்தில் சுளகில் வெங்காயத்தோடு வந்து உட்காருவாள்.

"என்னங்க, இவன் எதுக்கு முதுகுல துண்டு போட்டிருக்கான்?"

"துண்டு இல்லட்டி. பறக்கதுக்கு."

"காக்கா துண்டு போட்டா பறக்குது?"

"ஏட்டி, சும்மா இரு. வில்லன் வாரான்."

"வரட்டும். அவனாவது ஒழுங்கா வேட்டி கட்டியிருக்கானான்னு பாப்போம்."

ஒரு ஞாயிறு, பூமி வெடிக்க இன்னும் ஒரு நொடிதான் பாக்கி என்கிற கட்டத்தில் அவள் மிக்சியைப் போட்டாள். கரண்ட் போய்விட்டது. அன்றைக்கு உலகம் பிழைத்ததா இல்லையா என்பது ஏட்டய்யாவுக்கு இன்றுவரை தெரியாது.

இந்த நிலையில்தான் அறிவிப்பு வந்தது. பொங்கலன்று காலை இடிவேலன் சிறப்புப் பகுதி. எடுத்தது வேறெங்கும் இல்லை, குற்றாலம் ஐந்தருவியிலும் புளியறை வயல்காட்டிலும். முத்தாய்ப்பாக, அன்றைக்கு இடிவேலன் முகமூடியைக் கழற்றப் போகிறான்!

படப்பிடிப்பு நடந்தபோது ஏட்டய்யா போகாமல் இருப்பாரா? அங்கே சாப்பாட்டு கான்ட்ராக்ட் பக்கத்து வீட்டு முகம்மது யூசுப்புக்குத்தான். "இலை எடுக்கவாவது கூட்டிட்டுப் போய்யா" என்று கெஞ்சினார். "ஒங்க மீசையப் பாத்தா அங்கன யாருக்கும் சோறு எறங்காது, ஏட்டய்யா" என்று யூசுப் கழற்றிவிட்டார். ஐந்தருவிக்குத் தனியாகப் போய்க் கயிற்றுக்கு வெளியே நாள் முழுக்க நின்றதில், இடிவேலன் தலைக்கு மேல் யாரோ பிடித்திருந்த குடை மட்டும் தெரிந்தது. அந்தக் குடையைப் பற்றியே ஒரு மாதம் பேசினார்.

ஆக, சிறப்புப் பகுதியை ஒரு சொட்டு சிந்தாமல் பார்த்தாக வேண்டும். வடகரைக்கு, மைத்துனன் மகாராஜாவுக்கு போன் போட்டார். வருஷா வருஷம் அக்காவுக்குக் கரும்பும் மஞ்சள் குலையும் பானையுமாகப் பொங்கல்படி கொண்டுவருகிறவன் அவன்தான்.

"மாப்ள, படி குடுத்துட்டுப் போகும்போது அக்காவையும் வடகரைக்குக் கூட்டிட்டுப் போயிரு."

"பொங்கலன்னைக்கா அத்தான்? வீட்டுப் பொம்பள அன்னைக்கு வாசல் தாண்டக் கூடாதுன்னு அக்காதான எல்லாருக்கும் சட்டம் சொல்லும்?"

"சட்டத்த நான் பாத்துக்கிடுதேன். காலமெல்லாம் அதத்தான பாத்தேன்."

எதிர்பார்த்தபடியே வேல்விழி குதித்தாள்.

"அடுப்புச் சூடு ஆறுமுன்ன பொறந்த வீட்டுல போய் நின்னா ஊரு என்ன சொல்லும்? புருசன் வெரட்டிட்டாம்பாவ."

"நான்தான் அனுப்புனேன்னு ஊரறியச் சொல்லுதேன்."

"என்னய விட்டுட்டு எப்பிடி இருப்பிய?" முந்தானை கண்ணுக்குப் போயிற்று.

"பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துக்கிடுதேன்."

"பொங்கப்பானைய யாரு கழுவ?"

"நான்."

"மறுநாள் கரிநாளு. கறி யாரு எடுக்க?"

"நானே எடுத்து, நானே கொழம்பு வச்சு, தூக்குவாளியில வடகரைக்குக் கொண்டாந்து தாரேன். போதுமா?"

"நீங்க இவ்வளவு சொன்ன பெறகு மாட்டேங்கவா முடியும்?"

பெருமூச்சு விட்டு இறங்கி வந்தாள். பொங்கலன்று தம்பி காரை நிறுத்தியதும், கட்டிலுக்கடியில் ஏற்கனவே கட்டி வைத்திருந்த பையை எடுத்தாள். பிறந்த வீட்டுக்குப் போக எதற்கு அரக்குப் பட்டும் அத்தனை மல்லிகைப்பூவும்? இத்தனை காலம் துப்புத் துலக்கிய கண்ணுக்கு அது படவில்லை. கார் தெருமுனை திரும்பியதும் ஏட்டய்யா நடுக்கூடத்தில் ஒரு ஆட்டம் போட்டார். பிறகு பனங்கிழங்கும் கரும்புத் துண்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, விறைப்பாக நின்றார்.

தொடங்கியது.

ஆகா! என்னவென்று சொல்வது! பொங்கல் விடியற்காலம். கருஞ்சூரன் என்கிற அரக்கன் சூரியனைப் பிடுங்கிக் கரிச்சாக்கில் போட்டுக் கட்டிவிட்டான். உலகமே இருட்டு. இடிவேலன் பாய்ந்தான். ஐந்தருவியின் ஐந்து கிளையையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, சாட்டையாகச் சுழற்றி அரக்கனை அடித்தான். ஏட்டய்யாவின் உடம்பெல்லாம் புல்லரித்தது. மீசைகூடச் சிலிர்த்து நின்றது. ஆனால் வெயில் இல்லாமல் எவ்வளவு நேரம்தான் தாங்குவான்? வலு வடிந்து, புளியறை வயலில் மலையடிவாரச் சேற்றில் விழுந்தான். உலகத்தின் கதை முடிந்தது. ஏட்டய்யாவின் வாயில் கரும்பு அப்படியே நின்றுவிட்டது.

அப்போது அந்தக் கும்மிருட்டில் ஒரு அடுப்பு எரிந்தது. மூன்று மண்கட்டி, அதன்மேல் மஞ்சள் கட்டிய பானை. முகம் தெரியாத ஒரு பெண் பனையோலையைச் செருகிக்கொண்டே சொன்னாள்:

"சூரியன் வரலைன்னா என்னலே? அது வாரதுக்குத்தான பொங்கல் வைக்கோம். எந்திரிச்சு உக்காரு."

பானை நுரை தள்ளிப் பொங்கி வழிந்தது. அந்தப் பெண் வாயருகே கையை வைத்துக் குலவையிட்டாள்.

ஏட்டய்யா கரும்பைத் துப்பிவிட்டுக் காதைத் தீட்டினார். குலவை ஊரில் எல்லாரும்தான் போடுகிறார்கள். ஆனால் நடுவில் மூச்சு வாங்காமல், கடைசியில் ஒரு சுழி சுழித்து, மலையில் முட்டித் திரும்பி வருகிற குலவை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அவர் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறது!

கிழக்கு வெளுத்தது. கரிச்சாக்கு கிழிந்து சூரியன் வெளியே குதித்தான். வெளிச்சம் அந்தப் பெண்ணின் முகத்தில் விழுந்தது.

வேல்விழி.

விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஏட்டய்யா யூசுப்பை போனில் அழைத்தார்.

"யோவ் யூசுப்பு! எம் பொண்டாட்டி டிவிக்குள்ள இருக்காய்யா!"

"ஆமா, ஏட்டய்யா. மெட்ராஸ்லயிருந்து வந்த நடிகைக்கு எல்லாம் வந்துது, குலவை மட்டும் வரல. வாய் கொப்புளிக்க மாதிரி கேட்டுது. டைரக்டர் தலையில கைய வச்சுட்டாரு. எங்க வீட்டு ராபியாவுக்கு ஒத்தாசையா வெங்காயம் உரிக்க வந்த நம்ம வேல்விழி தங்கச்சி, 'தள்ளு தாயி'ன்னு ஒரு குலவை போட்டா பாருங்க! வரப்புல நின்ன கொக்கெல்லாம் ஆரியங்காவுக்குப் பறந்துட்டு. 'திருப்புலே கேமராவ'ன்னாரு டைரக்டர்."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"தங்கச்சி சத்தியம் வாங்கிட்டா. 'தெரிஞ்சா தெருவையே கூட்டி வச்சு, டிவிய மறைச்சு நின்னுக்கிட்டு, நான்தான் நடிக்க அனுப்புனேம்பாரு. நான் எங்க அம்மாகூட உக்காந்து நிம்மதியாப் பாக்கணும். பொங்கலன்னைக்கு நானாப் போனாத்தான தப்பு? அவரு வாயாலயே போகச் சொல்ல வைக்கேன்'னா. வச்சிருதேன், மறுபடி தொடங்கிட்டு!"

"நீ எங்கன இருக்க?"

"வடகரையிலதான். மகாராஜா அண்ணாச்சி தெருவுல பெரிய திரை கட்டியிருக்காரு. நம்ம தெருவே வேன் பிடிச்சு வந்திருக்கு. ஒங்களக் கூப்பிடலாம்னேன். வீட்டுல பானை கழுவுத சோலி இருக்குன்னா தங்கச்சி."

ஏட்டய்யா வாசலை எட்டிப் பார்த்தார். கரும்புச் சக்கை கிடந்தது. மனிதர் ஒருவர் இல்லை. தெரு நாயைக்கூடக் காணவில்லை. அதையும் வேனில் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

கோபப்படலாம் என்று திரும்பி வந்தார். முடியவில்லை. திரையில் வயல் நிறைய வெயில். நடுவில் அரக்குச் சேலையில் அவள், சூரியனை அவள்தான் பெற்றெடுத்தது போல நின்றாள். உலகத்தையே காப்பாற்றும் இடிவேலன் அவள் காலடியில் மண்டியிட்டு, முகமூடியைக் கழற்றினான். மூன்று வருஷமாகக் காத்திருந்த அந்த முகத்தை ஏட்டய்யா பார்க்கவே இல்லை. தம் மனைவியைத்தான் பார்த்தார். இந்த வீட்டில் இத்தனை காலம் வெங்காயம் உரித்தவளா இவள்? அவரையறியாமல் கை நெற்றிக்குப் போனது. சல்யூட் அடித்தபடியே நின்றார்.

இடிவேலன் கைகூப்பிக் கேட்டான்: "தாயே, ஊரே இங்க கூடி நிக்குது. சூரியனையே மீட்டுக் குடுத்த உங்களோட வீட்டுக்காரர் எங்க?"

வேல்விழி நெற்றி வேர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"அவியளா? வீட்டுல டிவி பாத்துக்கிட்டு நிப்பாவ."