தூசி அண்ணாச்சி பெருக்கிய ஜப்பான் தோட்டம்

அரபு நாட்டுப் பாலைவனம் முழுவதையும் ஒரு நாள் பெருக்கி முடித்துவிடலாம் என்று மனமார நம்பிய மனிதர் இப்பூவுலகில் ஒருவரே. அவர் எங்கள் முவைலா வட்டாரத்துத் தூசி அண்ணாச்சி.

கட்டட வாசல்களில் காற்று கொணர்ந்து குவிக்கும் மணலை அகற்றுவது அவருடைய பணி. டியூட்டி முடிந்த பின்னரும் கை ஓயாது. என் மளிகைக் கடைக்குத் தேயிலை வாங்க வருவார். வாங்குமுன் படியைப் பெருக்குவார். "பாய், கடையா வச்சிருக்கீரு? ஒட்டகம் படுக்கிற எடம் மாதிரில்லா இருக்கு!" என்று வாடிக்கையாளர் முன்னிலையில் என் மானத்தையும் சேர்த்துப் பெருக்குவார். மணற்புயல் அடித்த மறுநாள் அவர் முகத்தில் மணமகனின் களை இருக்கும்.

அவருடைய அறைத்தோழன் செல்வம், அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஒரு பெரிய குடியிருப்பு வளாகத்தில் புதிதாக அமைத்த ஜப்பானியத் தோட்டத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தான். அதை வடிவமைத்த ஜப்பானிய அம்மையார் வந்து பார்த்து ஒப்பினால் வேலை நிலைக்கும். இல்லையேல் மீண்டும் சைட்டில் கம்பி கட்ட வேண்டும். அவனுடைய முதுகுவலி அதனைத் தாங்காது. அம்மையார் வரவிருந்த அன்றே, வெயில் இன்னும் முறைக்கத் தொடங்காத இளவேனில் முற்பகலில், பெருமை தாளாமல் எங்களிருவரையும் அங்கே அழைத்துச் சென்றான்.

என்னே அமைதி! குளத்து நீர் அசையவில்லை. செர்ரி மரம் இம்மண்ணில் பிழைக்காதாகையால், காகிதப்பூ மரம் அதன் சார்பில் பூத்து நின்றது. செல்வம் தேநீர் கொணரச் சென்றான். நான் பெஞ்சில் அமர்ந்து கண்களை மூடினேன். 'சர், சர்' என்று ஓர் ஒலி கேட்டுத் திறந்தேன்.

எதிரே, கற்களைச் சூழ்ந்த வெண்மணலில் சீப்பால் வாரியது போன்ற அலைக்கோடுகள் இருந்தன. ஜப்பானியர்க்கு அது கடலாம். விடியல் முதல் செல்வம் இழுத்த கோடுகள் அவை. அண்ணாச்சியோ எங்கிருந்தோ ஒரு துடைப்பத்தைக் கண்டெடுத்து, கடல் முழுவதையும் ஒரு மூலையில் குவித்துவிட்டிருந்தார்!

"எந்தப் பயவுள்ள இவ்வளவு மண்ணையும் உள்ள விட்டது? ஒருத்தனும் ஒழுங்கா டியூட்டி பாக்கலியே!" என்று வியர்வையைத் துடைத்தார்.

தேநீருடன் வந்த செல்வம் அலறினான். "ஐயோ அண்ணாச்சி! அது தோட்டம்! கலாஸ், என் வேலை போச்சு!"

"தோட்டமா? செடி எங்கலே?"

"இதுல செடியே கெடையாது அண்ணாச்சி. மண்ணுதான் தோட்டமே!"

அவ்வேளையில் அம்மையாரும் மேற்பார்வையாளரும் உள்ளே நுழைந்தனர். செல்வம் வாய் திறக்குமுன், அண்ணாச்சி துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்து முன்னே பாய்ந்தார். "மேடம், மேரா கல்தி! செல்வம் குட், வெரி குட்! மீ... ஒன்லி கிளீனிங்!" என்று தப்பு தம்முடையதே என அரைகுறை இந்தியில் முறையிட்டார்.

அம்மையார் மணற்குவியலை நோக்கினார், துடைப்பத்தை நோக்கினார், வாயைப் பொத்திச் சிரித்தார். பின்பு, தம் கண்ணெதிரே மீண்டும் கோடிடுமாறு செல்வத்தைப் பணித்தார். அண்ணாச்சிக்குப் பெஞ்சைச் சுட்டினார். "யூ, சிட். நோ கிளீனிங்."

செல்வம் மணலைப் பரப்பிக் கோடிழுக்கலானான். அண்ணாச்சி என்னருகே சிலையானார். பாதி முடிந்திருக்கையில், காகிதப்பூ ஒன்று உதிர்ந்து எங்கள் காலருகே, கோடிட்ட மணலில் விழுந்தது. அவருடைய வலக்கை எழுந்தது. இடக்கை அதைப் பிடித்துத் தொடைக்கடியில் செருகியது.

"பாய், அந்தப் பூவ எடுத்தா இவனுக்கு வேல போயிருமோ?"

"தெரியலையே அண்ணாச்சி."

"அப்பம் கெடக்கட்டும்."

கடைசிக் கோடு முடிந்ததும் அம்மையார் செல்வத்துக்குத் தலைவணங்கினார். "யல்லா, வேலை உனக்குத்தான்" என்று மேற்பார்வையாளர் அரபியும் இந்தியும் கலந்து கூவினார்.

பிறர்க்காக ஓடியாடி உழைத்தோர் பலரை நான் கண்டதுண்டு. ஒருவனுக்காக ஒன்றுமே செய்யாதிருக்க அத்தனை பாடுபட்டவர், எங்கள் அண்ணாச்சி ஒருவரே.