மாமா பொத்தானை அழுத்திய நாள்

சொந்தக் காட்டில் தண்ணீர் பாய்வதைப் பெண் வீட்டாருக்குக் காட்ட வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு காட்டிவிட வேண்டும். விழா எடுக்கக் கூடாது. (நான் எடுத்தேன்.)

பரமத்தி வேலூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் விவசாயக் காடு. கிணற்றில் தண்ணீர் உண்டு, இறைக்கக் கரண்ட் இல்லை. இலவச மின் இணைப்புக்கு எழுதிப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்த அப்பாவுக்கு, ஒருவழியாக அரசு மானியத்தில் பேனலோடு சோலார் மோட்டார் கிடைத்தது. அதே நேரம் எனக்குப் பெண்ணும் அமைந்தது. பெண்ணின் அப்பா லாரிக்காரர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுபவர். "தண்ணி ஓடற காடா இருந்தாத்தானுங்க பொண்ணு. நானே வந்து பாக்கறேன்" என்றுவிட்டார்.

முந்தின நாள் ஓட்டிப் பார்த்தபோது தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வருங்கால மாமனார் கையாலேயே பொத்தானை அழுத்த வைத்துத் திறப்பு விழா நடத்த முடிவெடுத்தேன். பாவம், அவர் வெயிலில் நிற்கலாமா? பந்தல்காரரைக் கூப்பிட்டு, "பேனலையும் சேத்தி சாமியானா போட்டுருங்கண்ணா. மாமா மேல ஒரு பொட்டு வெயில் படக்கூடாது" என்றேன். மனிதர் அப்படியே செய்தார்.

மாமா வந்தார். அழுத்தினார். மோட்டார் மூச்சே விடவில்லை.

"கண்ணு பட்டிருச்சு சாமி" என்று அம்மா பூசணிக்காய் உடைத்தார். அப்பா பொத்தான் இருந்த பெட்டியைத் தட்டினார். நான் வந்தவர்களிடம், "புது மோட்டாருங்க, கூச்சப்படுது" என்றேன். (ஐயோ, நிஜமாகவே அப்படிச் சொன்னேன்.) போட்டோவில் பார்த்ததிலேயே அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமா தண்ணீர் விழும் தொட்டிமேல் ஏறிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இதுக்குள்ள ஓணான்தான் குடியிருக்குதாட்ட இருக்குது."

அந்த நேரம் பார்த்துப் பந்தல்காரர் வந்தார். "ஒரு கல்யாணத்துக்குப் போவோணுங்க, கழட்டிக்கறேன்" என்று துணியை உருவினார். பேனல் மேல் சுள்ளென்று வெயில் அடித்தது. மோட்டார் உறுமிக் கிளம்ப, தண்ணீர் நேராக மாமா முகத்தில் அடித்தது. மனிதர் தொட்டிக்குள் மல்லாந்தார்.

தூக்கிவிட்டோம். மீசையில் நீர் சொட்டச் சொட்ட அவர் பேனலைப் பார்த்தார், சாமியானாத் துணியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தண்ணி அமோகமுங்க" என்றார் அப்பாவிடம். "பொண்ணு தாரேன். ஆனா மோட்டார எம்புள்ளதான் பாத்துக்குவா. தம்பி கிட்டவே போகப்படாது."

கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆயிற்று. இன்றும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினால், சமையற்கட்டிலிருந்து மனைவியின் குரல் வரும்: "ஏனுங்க, பேனலுக்கு முன்னால போயி நிக்காதீங்க, நெழலு உழுகும்!"