மேனேஜருக்கு என்ன பிடிக்கும்?

புகை முகத்தில் அடித்ததும் புது மேலாளர் மூக்கைச் சுளித்தார். அதை மான்சிக் பார்த்துவிட்டான்.

யூல்ஜிரோ சந்தில் பன்றிக் குடல் சுடும் கடை வாசல் அது. சியோலில் பாதிப்பேர் அந்த நேரத்துக்கு அங்கேதான் நிற்பார்கள். இந்தக் கூட்டத்தில் ஒரு மேசை பிடிக்க மான்சிக் கடைக்காரியிடம் பல் இளித்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தான். கடலோர நகரமான பூசானிலிருந்து ரயிலில் வரும் மேலாளர் நேரே இங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. வந்துவிட்டார். மான்சிக் இடுப்பு வளைய வணங்கி "மேனேஜர் சார்!" என்றதும், "ம், வந்துட்டீங்களா" என்று கைப்பெட்டியை அவனிடமே நீட்டினார்.

"மூக்கைப் பாத்தீங்களா அண்ணே?" என்று காதைக் கடித்தாள் யோன்ஜு. அலுவலகத்தில் மான்சிக்குக்கு அடுத்த மேசைக்காரி அவள். கடவுளே நேரில் வந்தாலும் அடையாள அட்டை கேட்பாள். "நாத்தம் புடிக்கலை அவருக்கு. உங்க கதை முடிஞ்சது."

முடியத்தான் போகிறது என்று மான்சிக்கும் நம்பினான். குளியலறைக் குழாய் விற்கும் அவர்கள் கம்பெனி, கிழக்குக் கடலில் இருக்கும் உல்லுங் தீவுக்கு ஒருவரை அனுப்பப் போகிறது. குளிர்காலத்தில் படகுகூட ஒழுங்காக ஓடாத ஊர். யார் போவது என்று புது மேலாளர்தான் கைகாட்டுவார். சாப்பிடக் கூட்டிப்போகும் இடத்தை வைத்தே அவர் ஆளை எடை போட்டுவிடுவார் என்று வேறு பேச்சு. மான்சிக்கின் மனைவி அப்போதுதான் பூக்கடை வைத்திருந்தாள். தீவு என்ற சொல்லைக் கேட்டாலே அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"சார், இங்க ஒரே புகை. உங்களுக்காக அருமையான மீன் கடை ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி, மேலாளரையும், யோன்ஜுவோடு சேர்த்துத் தன் அலுவலகத்து ஆட்கள் மூவரையும் வந்த வழியே திருப்பினான்.

மீன் கடையில் பச்சை மீன் கண்ணாடி போல நறுக்கி வந்தது. மேலாளர் சப்பணமிட்டு அமர்ந்தார்.

"இன்னைக்கு வேலைப் பேச்சே வேணாம். எல்லாரும் சகஜமா இருங்க" என்றார்.

அவ்வளவுதான், ஒருவரும் சகஜமாக இல்லை. மேலதிகாரி சகஜமாக இரு என்றால் அதில் உள்குத்து இல்லாமல் இருக்குமா? அவர் கிண்ணத்தில் மரியாதையாக இரண்டு கையாலும் சோஜு சாராயம் ஊற்றுவதும், பெரியவர் முகத்துக்கு நேரே குடிக்கக் கூடாதென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குடிப்பதுமாக நேரம் போனது. அவரோ ஒரு துண்டை எடுத்து, நெடுநேரம் மென்று, குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்.

"கடல் மீன் எனக்கு அவ்வளவா பழக்கமில்லை."

கை கழுவும் இடத்தில் யோன்ஜு மான்சிக்கை மடக்கினாள். "பூசான்காரர் மீன் பழக்கமில்லைங்கறார். நம்பறீங்களா?"

"நம்பாம என்ன பண்றது?"

"கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்துட்டானேன்னு நக்கல் பண்றாரு அண்ணே. இதுகூடப் புரியலையா?"

மான்சிக்குக்கு இப்போது புரிந்துவிட்டது. உடனே இடம் மாற்றினான். அடுத்தது பொரித்த கோழியும் பீரும் விற்கும் கடை. தொலைக்காட்சியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. பூசான் அணி ஆட்டம். பூசான்காரனுக்கு அந்த அணி குலதெய்வம் மாதிரி என்பது ஊரறிந்த விஷயம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மான்சிக் பூரித்துப்போனான். பிறந்தது முதல் சியோல் அணியின் பக்தனாக இருந்தவன், பெண்டாட்டிக்காக அன்று மதம் மாறினான். பூசான்காரன் பந்தை அடித்ததும் எழுந்து நின்று கைதட்டினான்.

மேலாளரின் முகம் கறுத்தது. அடுத்த பந்தில் பூசான்காரன் அவுட். மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"சொந்த ஊர் தோத்ததுக்கே இந்தச் சிரிப்பு" என்று முணுமுணுத்தாள் யோன்ஜு. "நம்மளையெல்லாம் விட்டு வைப்பார்ங்கறீங்க?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் வெங்காயத்தாள் அடையும் அரிசிக் கள்ளும் தேடாதவன் கொரியனே இல்லை. எதிர்ச் சந்தில் ஒரு கிழட்டுக் கடைக்குள் ஐந்து பேரும் நனைந்தபடி நுழைந்தார்கள். மேலாளர் அடையைப் பிய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்று கேட்டார்.

மான்சிக்கின் உள்ளே இருந்த அணை அப்போது உடைந்தது. கள்ளும் தன் பங்குக்கு உதவியது.

"சார், என்னைத் தீவுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. என் சம்சாரம் இப்பத்தான் கடை போட்டிருக்கா. அழுதே செத்துடுவா சார்."

"எந்தத் தீவு?" என்றார் மேலாளர்.

யோன்ஜு மேசைக்கடியில் மான்சிக்கின் காலை மிதித்தாள். நடிக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் மேலாளர் மான்சிக்கின் கையைப் பற்றிக்கொண்டார். "உண்மையைச் சொல்லட்டுமா? கடை கடையா இழுத்துட்டுப் போறீங்க, ஒருத்தரும் வாயைத் திறக்கலை. புதுசா வந்தவனைச் சோதிக்கறீங்களோன்னு எனக்கே உதறல். இப்படி மனசு விட்டுப் பேசினீங்க பாருங்க, இது போதும். நான் இருக்கற வரைக்கும் உங்களை எந்தத் தீவுக்கும் யாரும் அனுப்ப முடியாது."

மான்சிக் தேம்பி அழுதான். யோன்ஜுகூட அன்று முதல் தடவையாகச் சந்தேகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மேலாளருக்குக் கள் ஊற்றினாள். மனைவிக்குச் சொல்லிவிடலாம் என்று மான்சிக் போனைத் தேடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கழுத்தில் வேறேதோ கம்பெனியின் அட்டை தொங்க, குடையை உதறியபடி ஒரு பெண் உள்ளே வந்தாள். மேலாளரைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு வணங்கினாள்.

"மேனேஜர் சார், சந்துல ஒரு கடை பாக்கியில்லாம உங்களைத் தேடறோம். நீங்கதான்னு நெனச்சு பூசான்காரர் ஒருத்தருக்கு நாங்க இவ்வளவு நேரமா குடல் சுட்டுக் குடுத்துட்டிருந்தோம், இப்பத்தான் அவருக்கும் விவரம் தெரிஞ்சுது. உல்லுங் தீவுக்கு ஒரே படகுல நாலு பேரை ஏத்திவிட முடியுமான்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கார்."